பெர்ல் 5.8.8-ஐ டெபியன் 12-இல் ஓட வைத்தேன்

எனக்கு வேண்டப்பட்ட அண்ணன் ஒருவர் சென்னையில் சிறிய பதிப்பகம் நடத்துகிறார். ஜனவரி புத்தகக் காட்சிக்கு அவர்கள் போடும் விலைப்பட்டியல், பெர்ல் என்ற நிரல்மொழியில் 2007-இல் ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஸ்கிரிப்ட்களிலிருந்துதான் வருகிறது. மொத்தம் 38 ஸ்கிரிப்ட்கள். புத்தக விவரமெல்லாம் ஜிடிபிஎம் என்ற சிறு தரவுத்தள லைப்ரரியின் கோப்பு ஒன்றில் இருக்கிறது. இத்தனையும் ஓடிக்கொண்டிருந்தது சென்டாஸ் 5 என்ற லினக்ஸ் போட்ட ஒரு பழைய மெஷினில். அந்த இயங்குதளத்துக்கான ஆதரவு 2017 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. அக்டோபர் மாதம் ஹார்டு டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்ததும் அண்ணன் போன் செய்தார்: "ஜனவரி வரைக்குமாவது தாங்குமாப்பா?"

தாங்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. முதல் வேலையாக டிஸ்கை முழுதாக நகலெடுத்து வைத்தேன். அப்புறம் ஒரு புது மெஷினில் டெபியன் 12 என்ற வேறொரு லினக்ஸ் போட்டேன்.

டெபியன் 12-உடன் வருவது பெர்ல் 5.36. பழைய மெஷினில் இருந்தது 5.8.8, அதாவது 2006-இல் வெளிவந்த பதிப்பு. புதியதிலேயே ஓட்டிப் பார்ப்போம் என்று முயன்றதில் பாதி ஸ்கிரிப்ட்கள் முதல் வரியைத் தாண்டவில்லை. சொற்களின் பட்டியலை அடைப்புக்குறி இல்லாமல் ஃபார் சுற்றில் எழுதும் பழக்கம் 5.18-இல் நீக்கப்பட்டது. ஒரு அரேயைப் பார்த்து "டிஃபைன்டா?" என்று கேட்பது 5.22-இலிருந்து நேரடிப் பிழை. இவற்றைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. என்னை நிறுத்தியது வேறு விஷயம்: ஹேஷ் வரிசை, அதாவது பெயரும் மதிப்புமாகச் சேர்த்து வைக்கும் ஹேஷ் என்ற அமைப்பு அவற்றைத் திருப்பித் தரும் வரிசை. 5.18-இலிருந்து ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஹேஷின் வரிசை மாறும்படி செய்துவிட்டார்கள். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம், நல்ல மாற்றம். ஆனால் 2007-இல் எழுதியவர் பல இடங்களில் வரிசைப்படுத்தாமல், ஹேஷ் தந்த வரிசையிலேயே துறைத் தலைப்புகளை அச்சிட்டிருக்கிறார். 5.8.8-இல் அது எப்போதும் ஒரே மாதிரி வந்ததால் யாருக்கும் தெரியவில்லை. 5.36-இல் ஓட்டினால் கவிதை ஒரு முறை முதலில் வருகிறது, அடுத்த முறை சமையல் முதலில் வருகிறது.

ஆகவே, திருத்திய ஸ்கிரிப்ட் சரியாக வேலை செய்கிறதா என்று சொல்ல எனக்கு ஒரு அளவுகோல் வேண்டும். பழைய இன்டர்பிரெட்டரே, அதாவது ஸ்கிரிப்ட்களை ஓட்டும் அந்தப் பழைய பெர்லே, புது மெஷினில் ஓட வேண்டும், அதே வெளியீட்டைத் தர வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்கிரிப்டாக 5.36-க்கு மாற்றி, இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே போகலாம்.

பழைய சிஸ்டத்தை அப்படியே ஒரு கண்டெய்னரில், அதாவது புது மெஷினின் கர்னலிலேயே ஓடும் ஒரு தனி அறையில், போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். உள்ளே நுழைந்த கணமே எந்தச் செய்தியும் இல்லாமல் 139 என்ற எண்ணோடு (நினைவகப் பிழையின் அடையாளம்) வெளியே வந்து விழுந்தது. சென்டாஸ் 5 காலத்து ஜிலிப்சி (நிரல்களெல்லாம் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி), மணி கேட்பதற்குக் கர்னலில் ஒரு நிலையான முகவரிக்குப் போய் நிற்கும். விசிஸ்கால் என்று அதற்குப் பெயர். நிலையான முகவரி என்பது தாக்குபவருக்கும் வசதி என்பதால் அது இப்போது படிப்படியாகக் கைவிடப்படுகிறது. என் மெஷினின் கர்னலில் அது அணைந்திருந்தது. பூட் செய்யும்போது ஒரு சொல் சேர்த்தால் திரும்ப வரும். ஆனால் பல வருடங்களாகப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் பெறாத ஒரு சிஸ்டத்துக்காகப் புது மெஷினின் பூட்டைத் திறந்து வைக்க எனக்கு மனமில்லை. சரி, மூலநிரலிலிருந்தே கட்டுவோம் என்று பெர்லின் இணையக் களஞ்சியமான சிபேனிலிருந்து 5.8.8-ஐ இறக்கினேன். பழைய பதிப்புகளை அங்கே இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

பெர்லைக் கட்டுவது கான்ஃபிகர் என்ற ஷெல் ஸ்கிரிப்டில் தொடங்குகிறது. பல ஆயிரம் வரிகள் கொண்டது. எந்த யூனிக்ஸில் கொண்டுபோய் விட்டாலும் அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தானே விசாரித்துத் தெரிந்துகொள்ளும். டெபியனில் இயல்பான ஷெல் டேஷ் என்பதால், வம்பு வேண்டாம் என்று பேஷ் கொண்டே ஓட்டினேன். எல்லாக் கேள்விக்கும் அதுவே பதில் சொல்லிக்கொள்ளும்படி விட்டேன். சில நிமிடங்களில் கேள்விகள் முடிந்து, கட்டும் கருவியான மேக் ஆரம்பித்து, உடனே நின்றது: மினிபெர்ல்மெயினுக்குத் தேவையான "கமாண்ட்-லைன்" என்ற கோப்பை உருவாக்க வழி தெரியவில்லையாம். கோண அடைப்புக்குள் இருந்தது அந்தப் பெயர்.

அப்படி ஒரு கோப்பு எங்குமே இல்லை. எந்த சி கோப்பு எந்த ஹெடரைச் சார்ந்தது என்று கண்டுபிடிக்க, பெர்லின் மேக்டிபெண்ட் என்ற ஸ்கிரிப்ட் சி கம்பைலரான ஜிசிசியின் முன்செயலியை (தொகுப்பதற்கு முன் மூலநிரலை விரித்துத் தரும் பகுதி) ஓட்டி, அதன் வெளியீட்டில் வரும் கோப்புப் பெயர்களைப் பொறுக்கி எடுக்கிறது. அந்த வெளியீட்டில் உண்மையான கோப்புகளோடு, கட்டளை வரியில் கொடுத்தவற்றைக் குறிக்க ஒரு போலிப் பெயரும் வரும். பழைய ஜிசிசி "கமாண்ட் லைன்" என்று நடுவில் இடைவெளி விட்டு எழுதியது. 5.8.8-இன் மேக்டிபெண்ட் அந்த வரியைச் சரியாகக் கழித்துவிடும். பின்னால் வந்த ஜிசிசி இடைவெளிக்குப் பதிலாகச் சிறு கோடு போட ஆரம்பித்தது. கோடு போட்ட வரி சல்லடையில் நிற்காமல் கோப்புப் பெயராக உள்ளே போய்விட்டது. கோட்டோடு இன்னொரு கழித்தல் வரி சேர்த்தேன், பழைய மேக்ஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

இப்போது சி கோப்புகள் எல்லாம் தடையின்றித் தொகுந்தன. எச்சரிக்கைகள் நிறைய வந்தன, பிழை ஒன்றுகூட இல்லை. 2006-இல் எழுதிய இன்டர்பிரெட்டரின் மையப்பகுதி ஜிசிசி 12-இல் அப்படியே தொகுவதைப் பார்த்தபோது எழுதியவர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது. ஆனால் இணைக்கும் கட்டத்தில் பவ் ஃபங்ஷனைக் காணோம் என்று நின்றது. பவ் என்பது அடுக்குக் கணக்கு, கணித லைப்ரரியில் இருப்பது. கான்ஃபிகருக்கு லைப்ரரிகளைத் தேடத் தெரிந்த இடங்கள் வேரின் கீழுள்ள லிப், யூசர் லிப், யூசர் லோக்கல் லிப் போன்றவை. டெபியன் குடும்பமோ ஒரே சிஸ்டத்தில் பல வகை சிபியுவுக்கான லைப்ரரிகள் சேர்ந்திருக்க வசதியாக, ஒவ்வொரு வகைக்கும் உள்ளே தனி அடைவு வைத்துவிட்டது. உபுண்டுவில் இது 2011-இல் 11.04-உடன் வந்தது. கான்ஃபிகர் பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, கணித லைப்ரரியே இல்லை என்று முடிவுகட்டி, அதை இணைப்புப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருக்கிறது. தேடும் இடங்களின் பட்டியலைக் கட்டளையிலேயே கொடுத்ததும் கிடைத்துவிட்டது. 5.14 காலத்துக்குப் பிறகு வந்த பெர்ல்கள் ஜிசிசியிடமே "நீ எங்கெல்லாம் தேடுவாய்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. அதுதான் சரியான வழி.

அடுத்து, சிஸ்டம் பிழைகளின் பெயர்களைத் தரும் எர்நோ மாட்யூல். "பிழை வரையறைகள் எதுவும் கிடைக்கவில்லை" என்று சொல்லி நின்றது. இதுவும் முன்செயலியின் வெளியீட்டைப் படிக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட்தான். ஒரு பிழையின் பெயரும் அதன் எண்ணும் ஒரே வரியில் வரும் என்று அது எதிர்பார்க்கிறது. 2015-இல் வந்த ஜிசிசி 5, சிஸ்டம் ஹெடரிலிருந்து வரும் மேக்ரோவின் நடுவில்கூட வரி எண் குறிப்புகளைச் செருக ஆரம்பித்தது. பெயர் ஒரு வரியில், எண் இரண்டு வரி தள்ளி. முன்செயலிக்கு அந்தக் குறிப்புகளே வேண்டாம் என்று சொல்லும் பி என்ற விருப்பத்தைச் சேர்த்ததும் சரியானது. நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் ஐபிசி மாட்யூல் கேட்ட ஒரு கர்னல் ஹெடர் இப்போது கிடையவே கிடையாது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டதில் எதுவும் கெடவில்லை.

முழுதும் கட்டி முடிந்தது. சோதனைகளை ஓட்டினேன். இரண்டு இடத்தில் சிவப்பு: ஜிடிபிஎம் சோதனை சிக்னல் 11 (அதே நினைவகப் பிழை) வாங்கி விழுந்தது, தேதியை நொடிக் கணக்காக மாற்றும் டைம்-லோக்கல் மாட்யூலின் சோதனையில் சில தேதிகள் தவறு. தேதியை அப்புறம் பார்ப்போம், புத்தகங்களே ஜிடிபிஎம்மில்தானே இருக்கின்றன என்று அதை முதலில் எடுத்தேன்.

இரண்டு மாலைகள் இதற்குப் போயின. முதலில் ஜிடிபிஎம்மின் புதுப் பதிப்பின் மேல்தான் சந்தேகம். கோப்பு வடிவம் மாறியிருக்குமோ என்று பழைய மெஷினில் எல்லாவற்றையும் வெறும் உரையாக இறக்கி, புது மெஷினில் புதிதாக ஒரு கோப்பு உருவாக்கி ஏற்றினேன். ஏற்றம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. ஆனால் ஒரே ஒரு புத்தகத்தைத் திரும்பப் படித்ததும் விழுந்தது. எழுதினால் நன்றாக இருக்கிறது, படித்தால் சாகிறது. ஜிடிபிஎம்மோடு வரும் அதன் சொந்தக் கருவியில் அதே கோப்பைத் திறந்தால் எல்லாப் புத்தகமும் ஒழுங்காக இருக்கின்றன. அப்படியானால் கோப்பிலோ லைப்ரரியிலோ குறை இல்லை. பெர்ல் அதைக் கூப்பிடும் விதத்தில் ஏதோ இருக்கிறது.

டீபக்கரை மாட்டி, படிக்கும் ஃபங்ஷனின் வாசலில் நிறுத்தி, சிபியுவுக்குள் இருக்கும் சிறு இடங்களான ரெஜிஸ்டர்களைப் பார்த்தேன். முதல் உள்ளீடு வரும் ரெஜிஸ்டரில் தரவுத்தளத்தின் முகவரி இருக்க வேண்டும், அது ஹீப் என்ற நினைவகப் பகுதியில் உள்ள முகவரி. ஆனால் அங்கே இருந்தது ஸ்டாக் என்ற வேறொரு பகுதியில் உள்ள முகவரி. தரவுத்தளத்தின் முகவரியோ இரண்டாவது ரெஜிஸ்டரில் இருந்தது. எல்லா உள்ளீடும் ஓர் இடம் தள்ளிப் போயிருந்தன, பேருந்தில் யாரோ முதல் இருக்கையில் புதிதாக உட்கார்ந்ததால் எல்லோரும் ஒவ்வோர் இருக்கை பின்னால் போனதுபோல.

அந்தப் புது ஆள் யார் என்று தெரிந்ததும் மீதி விளங்கிவிட்டது. எழுதும் ஃபங்ஷன் வெறும் ஒரு எண்ணைத் திருப்பித் தருகிறது. படிக்கும் ஃபங்ஷன் ஒரு சிறிய ஸ்ட்ரக்சரைத் தருகிறது: ஒரு சுட்டியும் ஒரு நீளமும், மொத்தம் 16 பைட். 64 பிட் லினக்ஸில் இவ்வளவு சிறிய ஸ்ட்ரக்சர் இரண்டு ரெஜிஸ்டர்களிலேயே திரும்பி வரும். ஆனால் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் நினைவகம் வழியாகத்தான் திரும்ப வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்ல ஒரு விருப்பம் உண்டு. அப்போது கூப்பிடுபவர் இடம் ஒதுக்கி, அதன் முகவரியை மறைவான முதல் உள்ளீடாக அனுப்புவார். என் பெர்ல் அப்படி அனுப்பியது. டெபியன் கட்டிய ஜிடிபிஎம் அதை எதிர்பார்க்கவில்லை, அந்த வெற்று இடத்தையே தரவுத்தளம் என்று எடுத்துக்கொண்டது.

நான் அந்த விருப்பத்தைக் கேட்கவே இல்லையே? பெர்ல் எந்த விருப்பங்களோடு கட்டப்பட்டது என்பதை அதனிடமே கேட்டால் பட்டியலிடும். பார்த்தேன். இருந்தது. பெயரிலேயே பிசிசி, அதாவது பெல் லேப்ஸின் பழைய போர்ட்டபிள் சி கம்பைலர். அந்தக் கம்பைலர் கட்டிய லைப்ரரிகளோடு ஒத்துப்போக ஜிசிசியில் வைத்திருந்த விருப்பம் அது. கான்ஃபிகரைத் திறந்து தேடினேன். ஜிசிசியின் பதிப்பு எண் "1*" என்ற வடிவத்துக்குப் பொருந்தினால் இந்த விருப்பத்தைச் சேர் என்று இருக்கிறது.

ஜிசிசி 1 வந்தது 1987-இல். பெர்ல் 1-உம் அதே வருடம் டிசம்பர் 18-ஆம் தேதி வந்தது. பெர்லை உருவாக்கிய லாரி வால் காலத்து யூனிக்ஸ்களில் அந்த வரி எவ்வளவோ பேருக்கு உதவியிருக்கும். என்னிடம் இருப்பது ஜிசிசி 12. பன்னிரண்டும் ஒன்றில்தான் தொடங்குகிறது. 2, 3, 4 என்று 9 வரை எல்லாம் ஒழுங்காகப் போய், 2020 மே மாதம் ஜிசிசி 10 வெளிவந்த அன்று, 1987-ஐக் குறித்த அந்த வரி மறுபடி உயிர்பெற்றுவிட்டது. பெர்லைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் டிபிஎம் வகை லைப்ரரிகளோடு நேர்ந்த இதே விபத்துதான் காட்டிக்கொடுத்தது. "1*" என்பதை "1.*" என்று மாற்றித் தீர்த்தார்கள். ஒரு புள்ளி.

அந்த வடிவம் கான்ஃபிகரில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தது. இன்னோர் இடத்தில் அது வேறொரு தீங்கும் செய்திருந்தது. ஒரே நினைவக இடத்தை இரண்டு வகைச் சுட்டிகள் பார்க்காது என்று கம்பைலர் தானாக நம்பிவிடாமல் தடுக்கும் விருப்பம் பெர்லுக்கு அவசியம். ஜிசிசி 1-க்கு அது தெரியாது என்பதால் அங்கே அதைச் சேர்க்காமல் விடுவார்கள். ஜிசிசி 12-க்கும் சேர்க்காமல் விட்டிருந்தது. இதனால் எதுவும் விழவில்லை, ஆனால் என்றைக்காவது ஒரு விலை தவறாக அச்சாகியிருக்கலாம். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருந்தது. எல்லா இடத்திலும் புள்ளி வைத்தேன். எண்கள் வரம்பு மீறும்போது கம்பைலர் தன்னிஷ்டத்துக்கு ஊகிக்காமல் இருக்க இன்னொரு விருப்பமும் சேர்த்தேன், பின்னால் வந்த பெர்ல்கள் தாமே அதைச் சேர்த்துக்கொள்கின்றன. முழுதும் துடைத்துவிட்டு முதலிலிருந்து கட்டினேன். ஜிடிபிஎம் சோதனை பச்சை.

இதே நோய் ஆப்பிளின் மேக் கணினிகளிலும் வந்தது. மேக்குக்காகப் பெர்லில் இருக்கும் டார்வின் குறிப்புக் கோப்பு இயங்குதளத்தின் எண் "10.*" என்று இருக்கும் என நம்பியிருந்தது. 2020 நவம்பரில் பிக் சர் என்ற பதிப்பு 11 என்ற எண்ணோடு வந்ததும், எதிர்பாராத பதிப்பு எண் என்று சொல்லி நின்றுவிட்டது. அது பரவாயில்லை, வாயைத் திறந்து சொல்லிவிட்டு நின்றது. ஜிசிசி விஷயத்தில் ஒன்றுமே சொல்லாமல் முன்னேறியதுதான் இரண்டு மாலைகளைத் தின்றது.

இந்த வேலையை ஜிசிசி 14-இல் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவதும், வகை சொல்லாமல் மெயின் எழுதுவதும் அதில் எச்சரிக்கையோடு நிற்காது, பிழை ஆகிவிடும். கான்ஃபிகர் எழுதிப் பார்க்கும் குட்டி சோதனை நிரல்கள் பல அப்படி எழுதப்பட்டவை. அவை தொகாவிட்டால் "இந்த வசதி இங்கே இல்லை" என்று அது முடிவு செய்துவிடும். பழைய சி தரத்தைக் குறிப்பிட்டுச் சொல்லிக் கட்டுங்கள். டெவெல்-பேட்ச்பெர்ல் என்ற மாட்யூலும் இருக்கிறது, பழைய பெர்ல்களுக்கான திருத்தங்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவசரம் என்றால் நேராக அதற்குப் போங்கள்.

மிச்சம் இருந்தது தேதிச் சோதனை. 1970-ஐச் சேர்ந்த தேதிகள் எல்லாம் 2070 என்று வந்தன. பெர்லைக் கட்டியதில் ஏதோ தவறு என்று மாட்யூலைத் திறந்தால், அங்கே ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது: இரண்டு இலக்க வருடம் கொடுத்தால், இன்றைய வருடத்துக்கு முன்னும் பின்னும் ஐம்பது வருட எல்லைக்குள் வருமாறு நூற்றாண்டு தேர்ந்தெடுக்கப்படும். எல்லை வருடா வருடம் நகரும். 2019 வரை 70 என்றால் 1970. 2020 பிறந்ததும் 2070. சோதனையை எழுதியவர் 70 என்று இரண்டு இலக்கத்தில் அனுப்பியிருக்கிறார். இன்டர்பிரெட்டரில் எந்தக் குறையும் இல்லை, நாள்காட்டி நகர்ந்திருக்கிறது.

அதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பழைய மெஷின் இன்னும் உயிரோடு இருந்ததால் இரண்டிலும் ஒரே நாளில் பட்டியலை ஓட்டி ஒப்பிட்டேன். பைட் பைட்டாக ஒன்று, ஹேஷ் வரிசை உட்பட. மனம் நிறைந்து மேலிருந்து படித்துக்கொண்டே வந்தபோது, "புதிய வரவுகள்" தலைப்பின் கீழ் முதலில் நின்றவை எல்லாம் அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் வந்த புத்தகங்கள். முதற்பதிப்புத் தேதியை 2007-இல் இரண்டு இலக்க வருடமாகவே பதிந்திருக்கிறார்கள். அப்போது அது பிரச்சினை இல்லை, அவர்களின் மிகப் பழைய புத்தகமே 1961. 2011-இல் 61 என்பது 2061 ஆகிவிட்டது. அடுத்த வருடம் 62, அதற்கடுத்து 63. வருடத்துக்கு ஒரு கட்டுப் புத்தகம் எதிர்காலத்துக்குப் போய், பட்டியலின் தலைமேல் ஏறியிருக்கிறது.

பதிப்பகத்தில் பட்டியலைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பும் அக்காவிடம் கேட்டேன். "அது எப்பவும் அப்படித்தான் தம்பி. ஜனவரி பொறந்தா இன்னும் நாலஞ்சு பழைய புத்தகம் மேல ஏறிக்கும். நான் எடுத்துக் கீழ போட்டுடுவேன்" என்றார். எத்தனை வருடமாக என்று கேட்டதற்கு, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என்றார். இது கம்ப்யூட்டரின் வழக்கம் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

தேதியை மாற்றும் இடம் ஒரே ஒரு ஃபங்ஷன். 61 முதல் 99 வரை இருந்தால் 1900-ஐக் கூட்டி, மற்றதற்கு 2000-ஐக் கூட்டி, நான்கு இலக்கமாக டைம்-லோக்கலுக்கு அனுப்பும்படி மாற்றினேன். மாட்யூலையும் அதன் சோதனையையும் தொடவில்லை. டிசம்பர் கடைசியில் புது மெஷினில் பட்டியலை ஓட்டி அக்காவிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பழைய புத்தகங்கள் எங்கேயாவது விட்டுப்போய்விட்டனவா என்று கடைசிப் பக்கம் வரை போய் ஒவ்வொன்றாகத் தேடி டிக் அடித்தார். எல்லாம் இருந்தன. பழைய மெஷினை அணைத்து அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டோம். 38 ஸ்கிரிப்ட்களில் 11 இப்போது 5.36-க்கு மாறிவிட்டன, மற்றவை 5.8.8-இல் ஓடுகின்றன.